செய்திக்குக் காசு கொடுப்பவர் யார்?



பால்மரத் தோட்டங்களில் பத்திரிகை படித்த விதம் நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே ஒரு தாள் வரும். எழுத்தறிந்த ஒருவர் கோயில் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்பார். இருபது பேர் சுற்றியிருந்து கேட்பார்கள். காசு கொடுத்தவர் ஒருவர், பயன் பெற்றவர் இருபது பேர். இன்று வீட்டுக்கு நான்கு கைப்பேசிகள் உள்ளன, செய்தியும் ஓயாமல் வருகிறது. காசு கொடுப்பவரைத்தான் காணோம். அப்படியானால் செய்தியைத் திரட்டுகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு தோட்டம் துண்டாடப்படுகிறது, குடும்பங்களை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இதை எழுத ஒரு நிருபர் பட்டணத்திலிருந்து வரவேண்டும். எண்ணெய்ச் செலவு, ஒரு நாள் சம்பளம், நிர்வாகத்திடம் விளக்கம் கேட்கும் அலைச்சல் எல்லாம் உண்டு. இந்தச் செய்திக்குப் பக்கத்தில் விளம்பரம் போட எந்தக் கம்பெனியும் முன்வராது. அந்த நிலத்தை வாங்கும் வீடமைப்புக் கம்பெனியே பத்திரிகையின் பெரிய விளம்பரதாரராக இருந்துவிட்டால், அந்தச் செய்தி அச்சேறுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி தேடியவர்கள் 'மலேசியாகினி' என்னும் இணையச் செய்தித்தளத்தார். ஸ்டீவன் கான், பிரேமேஷ் சந்திரன் என்னும் இருவர் 1999 நவம்பரில் இதைத் தொடங்கினார்கள். அப்போது அச்சுப் பத்திரிகை நடத்த 1984-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி ஆண்டுதோறும் உள்துறை அமைச்சின் அனுமதி பெறவேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அந்த விதி 2012-இல்தான் நீங்கியது. பெரிய ஏடுகள் சிலவும் ஆளுங்கட்சிகளின் கையில் இருந்தன. 'தி ஸ்டார்' நாளிதழ் ம.சீ.ச. கட்சியுடையது. இணையத்துக்கோ அந்த அனுமதி தேவைப்படவில்லை. இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று அரசாங்கமே 1996-இல் உறுதி கொடுத்திருந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் இவர்கள் நுழைந்தார்கள்.

அனுமதி தேவையில்லை என்றாலும் பணம் தேவைதானே? தொடக்கத்தில் தென்கிழக்காசியப் பத்திரிகையாளர் கூட்டணி ஒன்று உதவியது. பின்னர், ஊடகங்களில் முதலீடு செய்யும் வெளிநாட்டு நிதி ஒன்று சிறுபான்மைப் பங்கு வாங்கியது. அந்நியப் பணம் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். வாசகர் கேட்கத்தான் வேண்டும். கேட்டால் பதில் கிடைக்கிறதா, பங்கு யாரிடம் எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்கிறார்களா என்பதுதான் நாம் பார்க்கவேண்டியது.

விளம்பரத்தை மட்டும் நம்பினால் பிழைக்கமுடியாது என்று கண்டு, 2002-இல் வாசகரிடமே சந்தா கேட்டார்கள். இலவசமாகப் படித்துப் பழகியவர்களிடம் காசு கேட்பது எளிதா என்ன! ஆனால் சந்தா கட்டுகிறவர் பல்லாயிரவராக இருந்தால், அவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினாலும் பத்திரிகை சாயாது. ஒரே ஒரு பெரிய விளம்பரதாரர் விலகினால் சாய்ந்துவிடும். இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தபோது, தோட்டத் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித்தானே பங்கு வாங்கினார்கள்? சிறு காசு பல சேர்ந்து, தோட்டத்தையே வாங்க முடிந்தது.

பணத்தைவிடக் கடினமானது கொள்கை. வாசகர் ஒருவரின் கடிதத்தை வெளியிட்டதற்காக, அம்னோ இளைஞர் பகுதியின் புகாரின்பேரில், 2003 ஜனவரியில் போலீசார் வந்து 19 கணினிகளை எடுத்துச் சென்றார்கள். எழுதியவர் யார் என்று கேட்டதற்கு ஆசிரியர் சொல்ல மறுத்துவிட்டார். ஏன் மறுத்தார்? நாளைக்கு ஒரு தோட்டத் தொழிலாளி பயந்து பயந்து ஓர் உண்மையைச் சொல்கிறார் என்றால், தம் பெயர் வெளிவராது என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும். அது ஒருமுறை உடைந்தால் பிறகு எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இன்னொரு சோதனை 2021 பிப்ரவரி 19-இல் வந்தது. வாசகர் ஐவர் எழுதிய கருத்துகள் நீதித்துறையை அவமதிப்பவை என்று வழக்கு. கூட்டரசு நீதிமன்றம் ஆசிரியரை விடுவித்து, நிறுவனத்தைக் குற்றவாளி எனக் கண்டு ஐந்து லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. அரசுத் தரப்பு கேட்டதோ இரண்டு லட்சம்தான்! அவர்கள் பொதுமக்களிடம் கை நீட்டினார்கள். பத்தும் ஐம்பதுமாக மக்கள் கொடுத்ததில், அன்று மாலைக்குள் முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது. தீர்ப்பு சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். நீதிபதிகளுக்குள்ளேயே ஒருவர் மாறுபட்டார். ஆனால் அத்தனை பேர் பையில் கைவிட்டதற்கு ஒரு காரணம் இருந்திருக்கத்தானே வேண்டும்?

இதனால் அவர்கள் எழுதுவதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்லவரவில்லை. சந்தா கட்டுகிறவர் பெரும்பாலும் பட்டணத்து, ஆங்கிலம் படித்தவர். செய்தியும் அந்தப் பக்கமே சாய வாய்ப்புண்டு. தோட்டப்புறச் செய்தி, தமிழ்ப்பள்ளிச் செய்தி வேண்டுமென்றால் நாமும் வாசகராகக் கணக்கில் வரவேண்டும். ஒரு குடும்பத்துக்குப் பாரம் என்றால், ஆலயக் குழுவோ இளைஞர் மன்றமோ சேர்ந்து ஒரு நல்ல பத்திரிகைக்குச் சந்தா கட்டலாம், தமிழ் நாளிதழாகவும் இருக்கலாம். மாலையில் பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும், இந்தச் செய்தியில் யாருடைய பேச்சு இருக்கிறது, யாருடைய பேச்சு இல்லை என்று அவர்களைக் கேளுங்கள். பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்.