அரண்மனையும் அங்காடியும்: வட ஐரோப்பாவின் பறோக் ஓவியர்கள்



புலவரைப் புரந்த வள்ளல்களின் வரலாறு தமிழருக்குப் புதியதன்று. ஓவியரைப் புரந்தவர் யாவர் என வினவுவோர் 17ஆம் நூற்றாண்டின் வட ஐரோப்பாவை நோக்குதல் வேண்டும். அங்கே அடுத்தடுத்துக் கிடந்த இரு நாடுகளுள், ஒன்றில் ஆலயமும் அரண்மனையும் ஓவியருக்குச் சோறிட்டன. மற்றதில் அங்காடி சோறிட்டது. அதனால் விளைந்தது யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து பரவிய ஓவியநெறி பறோக் எனப்படும். நிறைந்த அசைவு, உணர்ச்சிப் பெருக்கு, ஒளிக்கும் இருளுக்கும் இடையே கடும் முரண் ஆகியன அதன் இயல்புகள். அந்நெறி நெதர்லாந்துப் பகுதியை எய்தியபோது அந்நிலம் இரண்டாகப் பிளந்திருந்தது. ஸ்பானிய மன்னனுக்கு எதிராக 1568இல் மூண்ட போர், 1648இலேயே முற்றாக ஓய்ந்தது. தெற்கே பிளாந்தர்ஸ், ஸ்பானிய ஆட்சியிலும் கத்தோலிக்க சமயத்திலும் நிலைத்தது. வடக்கே ஒல்லாந்து முதலிய ஏழு மாகாணங்கள் குடியரசாயின. புரட்டஸ்தாந்து சமயம் அங்கு ஓங்கிற்று.

தெற்கில் 1566இல் எழுந்த கலகத்திலே ஆலயங்களின் உருவங்கள் பல உடைத்தழிக்கப்பட்டிருந்தன. அவ்வெறுமையை நிரப்பப் பெரிய ஓவியங்கள் வேண்டப்பட்டன. இத்தாலியில் எட்டாண்டுகள் பயின்று 1608இல் அன்ட்வேர்ப் நகருக்குத் திரும்பிய பீற்றர் போல் றூபென்ஸ் அத்தேவைக்கென்றே பிறந்தவர் போல விளங்கினார். அந்நகரப் பேராலயத்துக்கு அவர் வரைந்த, இயேசுவைச் சிலுவையினின்று இறக்கும் காட்சி இன்றும் அங்கேயே உள்ளது. பிரான்சிய அரச மாதாவான மரி டி மெடிசிக்காக 24 பேரோவியங்களையும் அவர் ஆக்கினார். அவருடைய பட்டறையிலே மாணவர் பலர் உழைத்தனர். ஆசானின் கை எவ்வளவு பட்டதோ அதற்கேற்ப விலையும் வேறுபட்டது. அரச தூதராகவும் பணியாற்றிய அவருக்கு இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்ள்ஸ் 1630இல் வீரப்பட்டம் அளித்தான். றூபென்ஸின் பட்டறையில் உழைத்த அன்ரனி வான் டைக், 1632 முதல் அம்மன்னனின் அரண்மனை ஓவியரானார். உயரம் குறைந்த மன்னனைக் குதிரைமீதேற்றிக் கம்பீர புருஷனாகக் காட்டியது அவருடைய தூரிகையே. அரண்மனை வாரி வழங்கியது. தன் பெருமையைத் தீட்டுமாறும் பணித்தது.

வடக்கிலோ நிலைமை வேறு. கல்வினியக் கோவில்களின் சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டு வெறுமையாய் நின்றன. ஓவியங்களை வாங்கியவர் வணிகரும் கைவினைஞருமே. ஏலத்திலும் சந்தையிலும் அவை விலைப்பட்டன. 1602இல் நிறுவப்பட்ட கிழக்கிந்தியக் கம்பனி அவ்வணிகரின் செல்வத்துக்கு ஓர் ஊற்றாயிற்று. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியது அக்கம்பனியே. இலங்கைக் கறுவாவின் இலாபமும் ஆம்ஸ்டர்டாம் வீடுகளைச் சென்றடைந்தது.

லெய்டன் நகரில் 1606இல் மாவரைக்கும் ஆலையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் றெம்பிராண்ட். வைத்தியர் துல்ப் உடற்கூறு விளக்கும் காட்சியை 1632இல் வரைந்து புகழ்பெற்ற அவர், 1639இல் 13,000 கில்டர் விலைக்கு மாளிகையொன்றை வாங்கினார். 1642இல் ஆம்ஸ்டர்டாம் நகர்க் காவற்படையினரை ஒருங்கே வரைந்தார். வரிசையாக நிற்கவைத்து முகங்களை எழுதும் வழக்கத்தைக் கைவிட்டு, புறப்படும் படையின் பரபரப்பையே பொருளாக்கினார். 'இரவுக் காவல்' எனப் பிற்காலத்தவர் பெயரிட்ட அவ்வோவியம் காட்டுவது பகற்பொழுதையே. இவ்வோவியம் வெறுக்கப்பட்டமையால் அவர் வீழ்ந்தார் என்பது கட்டுக்கதை. அதற்குரிய கூலியை அவர் பெற்றார். வீட்டுக் கடனும், கலைப்பொருள்களைச் சேர்ப்பதில் கொண்ட ஆசையும், மெருகிட்ட பிரகாசமான ஓவியங்களை நாடிச் சென்ற மக்களின் சுவை மாற்றமுமே அவரை வீழ்த்தின. கொழும்பு ஒல்லாந்தர் வசமான அதே 1656இல் அவர் கடனிறுக்க இயலாதவரென அறிவிக்கப்பட்டார்.

பின்னர் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்காக, பண்டை மூதாதையர் உரோமருக்கெதிராகச் சூளுரைக்கும் காட்சியை வரைந்தார். தொங்கவிடப்பட்ட அவ்வோவியம் சில காலத்தில் அகற்றப்பட்டது. அதன் எஞ்சிய பகுதி ஸ்டொக்ஹோமில் உள்ளது. சுவை மாறியபோது அவருடைய மாணவர் சிலர் அதற்கேற்பத் தம் நடையை மாற்றிக்கொண்டனர். ஆசானோ மாற்றவில்லை. முதுமையின் சுருக்கங்களைத் தடித்த வர்ணத்திலே மறையாது காட்டிய தம் உருவச் சித்திரங்களை வறுமையிலேயே வரைந்து, 1669இல் மறைந்தார்.

டெல்வ்ற் நகரத்து வேர்மீயரின் கதையும் துயரமானது. பாலை வார்க்கும் பணிப்பெண்ணைக்கூட அமைதியின் திருவுருவாக்கிய அவர் விட்டுச்சென்றவை ஏறத்தாழ 35 ஓவியங்களே. 1672இல் பிரான்சியர் படையெடுக்க, ஓவிய வாணிபம் படுத்தது. 1675இல் அவர் இறந்தபின், பாண் வியாபாரிக்குப் பட்ட கடனுக்காக அவருடைய மனைவி இரண்டு ஓவியங்களைக் கொடுக்க நேர்ந்தது.

நேயர்களே, அரண்மனை ஓவியரைக் கைவிடவில்லை. ஆயினும் எதை வரைவதென்று அதுவே கூறிற்று. அங்காடி, பணிப்பெண்ணையும் கிழவியையும் ஓவியத்துக்கு உரியவராக்கியது. ஆனால் நேற்றுப் போற்றியவரை இன்று மறந்தது. இரண்டில் எது சிறந்ததென்று முடிவு கூறுதல் எளிதன்று. ஒன்று மாத்திரம் உறுதி: கடன்காரர் பங்கிட்டுக்கொண்ட றெம்பிராண்டின் உடைமைகளுள் அவருடைய பார்வை சேரவில்லை. அதை ஏலமிட எவராலும் இயலவில்லை.