மூட்டு முடக்கமும் அதனைத் தவிர்க்கும் நெறியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு மருத்துவப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். யாம் மருத்துவர் அல்லேம். ஆயினும், நேராக நீட்ட இயலாத கையால் எழுதுகோல் பிடிக்கும் பிள்ளைகளை வகுப்பிலே காண்கின்றோம். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் இல்லங்களின் பின்கட்டிலே, மடங்கிய காலோடு கட்டிலிலேயே நாட்கழிக்கும் முதியோரையும் காண்கின்றோம். இவர்களுள் பலர்க்கு நேர்ந்த குறை முதலில் வந்த நோயால் மட்டும் விளைந்ததன்று. அந்நோய்க்குப் பின்னர் அசையாது கிடந்தமையாலும், இறுகக் கட்டிய கட்டாலும் விளைந்தது. தடுக்கத்தக்க துன்பத்தைத் தடாமல் இருப்பது முறையன்று என்னும் கருத்தாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

முதற்கண், முடக்கம் என்பது யாது? முடக்குவாதம் என்பது மூட்டு வீங்கி நோவுதரும் நோய், அது வேறு. பக்கவாதத்தால் கைகால் செயலற்றுப் போதலும் வேறு. மூட்டைச் சூழ்ந்த தசையும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணும், மூட்டின் உறையும், மேலே போர்த்த தோலும் குறுகி இறுகுதலால், பிறர் நீட்டினாலும் நீளாமல் மூட்டு ஒரே நிலையில் நின்றுவிடுவதையே யாம் ஈண்டு மூட்டு முடக்கம் என்கின்றோம். பக்கவாதமுற்றோர்க்குத் தசை விறைத்தலும் உண்டு. அவ்விறைப்பு உறக்கத்திலும் மயக்க மருந்திலும் பெரும்பாலும் தளரும். முடக்கமோ எப்போதும் தளராது. விறைப்பைக் கவனியாது விட்டால் அதுவே முடக்கமாய் முதிரும்.

இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? தசையிழை என்பது நுண்ணிய கண்ணிகளை வரிசையாகக் கோத்த சங்கிலி போன்றது. மடங்கிய நிலையிலேயே தசை பல நாள் கிடப்பின், உடல் அக்கண்ணிகளைக் குறைத்துச் சங்கிலியையே சிறிதாக்கிவிடுகின்றது. 1972-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பூனையின் கெண்டைக்காலிலுள்ள ஒரு தசையைச் சுருங்கிய நிலையில் நான்கு வாரம் மாவுக்கட்டிலே வைத்தனர். கண்ணிகள் நூற்றுக்கு நாற்பது குறைந்தன. கட்டை அவிழ்த்து இயங்கவிட்டபின் அவை மீண்டும் பெருகின. ஆகவே உடல் நாம் வைத்த நிலைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கின்றது என்பது பெறப்படும். ஆனால் மாதங்களும் ஆண்டுகளும் கடந்தால் நாணும் மூட்டுறையும் தடித்து இறுகும். அப்பால் மீட்பது அரிது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழியை இங்கே திருப்பி, முதல் வாரத்தில் நிமிராதது மூன்றாம் ஆண்டில் நிமிருமா என்று கேட்டல் தகும்.

முடக்கம் நம் வீடுகளுக்குள் நுழையும் வாயில்கள் மூன்று.

முதல் வாயில் இறுகிய கட்டு. மாமரத்திலும் புளியமரத்திலும் ஏறும் சிறுவர் விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிதல் நம் பக்கத்தில் அடிக்கடி நிகழ்வது. மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டினும், மாவுக்கட்டே போடினும், உள்ளே வீக்கம் ஏறக் கட்டு இடங்கொடாவிடில் முன்கைத் தசைக்கு இரத்தவோட்டம் தடைப்படும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்திலே தசை மீளா வண்ணம் கெடத் தொடங்கும். கெட்ட தசை வடுவாய்ச் சுருங்கி, மணிக்கட்டையும் விரல்களையும் வாழ்நாள் முழுதும் மடக்கிவிடும். செருமானிய அறுவை மருத்துவர் வோல்க்மன் என்பார் 1881-இல் இதனை விளக்கினார். இன்றும் இம்முடக்கம் அவர் பெயராலேயே வழங்குகின்றது. தாய்மார்களே! கட்டுப்போட்ட பிள்ளை இரவெல்லாம் பொறுக்க மாட்டாது அழுதால், அது பிடிவாதம் என்று அடக்க வேண்டா. முறிவுக்கு மிஞ்சிய வலி, விரலை மெல்ல நீட்டினால் அவ்வலி பெருகுதல், விரல் மரத்தல், வெளிறல் ஆகியன அபாயக் குறிகள். நகம் சிவந்திருக்கின்றது, நாடி துடிக்கின்றது என்று வாளாவிருத்தலும் ஆகாது. வலியே தலையாய குறி. அப்பொழுதே கையை அசையாது தாங்கி, கட்டு முழுவதையும் பிரித்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து, அறுவை மருத்துவரிடம் விரைதல் வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

இரண்டாம் வாயில் நோயாளியின் படுக்கை. பக்கவாதத்தால் வீழ்ந்தவருக்கு முழங்காலின்கீழ் எந்நேரமும் தலையணை வைப்பது நம் பெண்டிரின் அன்பு. அவ்வன்பே காலை மடக்கிவிடுகின்றது. பாதம் முன்னே சரிந்து கிடப்பின் குதிநாண் குறுகும். பின்னர் வலிமை மீண்டாலும் குதி தரையிற் படாது, நடை வாராது. ஆதலின், மருத்துவர் இசைவு பெற்றவுடன், தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என ஒவ்வொரு மூட்டையும் நாள்தோறும் மெல்ல முழு அளவும் இயக்குக. பாதத்தை நிமிர்த்தித் தாங்குக. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர். தோள் மூட்டு நழுவும்.

மூன்றாம் வாயில் தீ. சிவகாசி நம் மாவட்டத்தது. வெடிவிபத்தில் உயிர் பிழைத்தோர் நம் அயலிலே உளர். அடுப்பங்கரைத் தீயும் குறைவன்று. தீப்புண்ணுற்றோர் கழுத்தைக் குனித்து, கையை விலாவோடு ஒட்டி, முழங்கையை மடக்கி வைத்துக்கொள்வர். நோவு அப்பொழுது தணியும். நோவு தணியும் நிலையே முடங்கும் நிலை என்பதை மறத்தலாகாது. கழுத்திற் புண்ணெனில் தலையணை நீக்குக. அக்குளில் எனில் கையை உடலினின்று அகற்றி வைக்க. மருத்துவர் தரும் தாங்கு சாதனத்தைக் கழற்றாதிருக்க. புண் ஆறியது என்று மகிழ்ந்து விட்டுவிடலாகாது. வடு ஓராண்டளவும், சிலர்க்கு அதற்கு மேலும், சுருங்கிக்கொண்டே இருக்கும்.

இனி, வந்த முடக்கத்தை நீக்கும் வழி. வலிந்து இழுத்தல் வழியன்று. முழங்கை முறிவு கூடியபின் அழுத்தித் தேய்த்து முறுக்கினால், தசைக்குள்ளே எலும்பு விளைந்து மூட்டு முன்னினும் இறுகுதல் உண்டு. ஆடிப்பூரத்தன்று ஆண்டாளின் பெருந்தேர் வெட்டி இழுத்தா அசைகின்றது? வடம் பிடித்தோர் ஒரே சீராய் இழுக்க, மெல்ல நகர்கின்றது. இயன்முறை மருத்துவரும் அங்ஙனமே வாரந்தோறும் மாவுக்கட்டை மாற்றிச் சிறிது சிறிதாய் நிமிர்த்துவர். கால் உள்வளைந்து பிறக்கும் குழவிகட்கு, பொன்செட்டி என்பார் வகுத்த இம்முறையே உலகெங்கும் கையாளப்படுகின்றது. ஐந்தாறு கட்டுகளிலே பாதம் திருந்தும், பெரும்பாலோர்க்குக் குதிநாணைச் சிறிது வெட்டிவிடுதலும் வேண்டும். அக்கட்டுக்கு வேண்டும் மருத்துவத் துணி இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளிலே நெய்யப்படுவது நமக்குப் பெருமை.

ஒன்று கூறுதல் வேண்டும். நரம்பு நோயாலும் பிறவற்றாலும் வரும் முடக்கத்துக்கு, சில மாத காலம் தசையை நீட்டிவிடுதல் ஒன்றே பெரும் பயன் தாராது என்று 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினோர் கண்டனர். ஆதலின் பிறர் நீட்டுவதோடு நில்லாது, நோயாளி தாமே எழுந்து, பற்றி, நடந்து, அவ்வுறுப்பைப் பயன்படுத்துமாறு செய்தல் வேண்டும். விறைப்புக்கு மருந்தும் உண்டு. முற்றியதற்கு நாணை நீட்டும் அறுவையும், தீ வடுவுக்குத் தோல் ஒட்டும் அறுவையும் உண்டு.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உளது. 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் மருத்துவர் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் விரல் மடங்கியோர்க்கு, நன்னிலையிலுள்ள தசையின் நாணை மாற்றிப் பொருத்தும் அறுவையை 1948 முதல் செய்தார். இறுகிய விரலை முன்னரே தளர்த்தினாலன்றிப் பொருத்திய நாண் பயன்படாது. பின்னரும் பல வாரப் பயிற்சி வேண்டும். அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் அம்மையார் 1954-இல் விபத்திலே இடுப்பின்கீழ் உணர்வு இழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தார். அவர் முயற்சியால் வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

அன்பர்களே! உறுப்புக் குறையுடையாரை ஊழின்மேல் பழிபோட்டுப் பின்கட்டில் மறைத்தல் நம் குடிக்கு அழகன்று. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல என்று எள்ளும் பழமொழி தமிழிலே உண்டு. அதனை நாம் வழங்காதொழிதலே நன்று. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு உளது. விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. கேட்டுப் பெறுவதே நம் கடமை.

கல்விக்கு நிதி திரட்டும் நம் சங்கம், சக்கர நாற்காலியும் நடைதாங்கியும் சில வாங்கி வைத்து, வேண்டுவோர்க்கு இரவலாய்க் கொடுத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை இயன்முறை மருத்துவர் ஒருவரை வருவித்து, வீட்டுப் பெண்டிர்க்கும் ஆடவர்க்கும் பயிற்சி அளித்தல் வேண்டும். இவ்வுதவியை நம்மவர்க்கு மட்டும் என்று வரையறுத்தலும் வேண்டா, வலிக்குக் குலமில்லை. இவற்றை அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொள்ளுமாறு பெரியோர்களை வேண்டுகின்றோம்.