வைரஸோட சட்டை மட்டும்

அரிமளத்திலிருந்து பேசுறேன். "ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில அந்தக் கிருமியையே போடுறாங்களா?" இந்தக் கேள்வியைப் பல பேர் கேக்கறாங்க. இல்லை. கிருமியோட சட்டையை மட்டும்தான் போடுறாங்க. இன்னைக்கு அந்தச் சட்டையைப் பற்றிப் பேசலாம்.

இந்த வைரஸுக்கு வெளியே ஒரு உறை இருக்கு. அந்த உறையில் இருக்கும் புரதத்தை 1960-களில் பரூக் ப்ளூம்பெர்க் ஒரு ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தத்தில் கண்டுபிடித்தார். அதனால்தான் அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பேர் வந்தது. 1976-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. நோயாளி ரத்தத்தில் முழு வைரஸைவிட, உள்ளே மரபணு எதுவுமே இல்லாத வெறும் உறைத் துகள்கள்தான் பல மடங்கு அதிகம். 1981-ல் வந்த முதல் தடுப்பூசியை, நோய்த்தொற்று உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து அந்தத் துகள்களைப் பிரித்துத்தான் செய்தார்கள். அப்புறம் அந்தப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் ஈஸ்ட்டுக்குள்ளே வைத்தார்கள். ஈஸ்ட்டே உறைப்புரதத்தைச் செய்து கொடுத்தது. 1986-ல் அமெரிக்காவில் அந்தத் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நம்ம நாட்டிலேயே அதைத் தயாரித்தது.

ஆய்வகத்துக்கும் இது பெரிய வசதி. எலிசா தட்டில் இந்தப் புரதத்தைப் பூசி, உங்க ரத்தத்தை விட்டால், எதிர்ப்பொருள் இருந்தா வந்து ஒட்டிக்கும். தடுப்பூசி வேலை செஞ்சிருக்கான்னு இப்படித்தான் பார்க்கிறோம். தட்டில் இருப்பது வெறும் சட்டை. அதிலிருந்து யாருக்கும் நோய் தொற்றாது.

இன்னொரு கேள்வி வரும். தடுப்பூசி போட்டவரையும் நோய் வந்து குணமானவரையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? வைரஸுக்குள்ளே இன்னொரு புரதம் இருக்கு. அது தடுப்பூசியில் கிடையாது. அதற்கும் எதிர்ப்பொருள் இருந்தால், நிஜ வைரஸே உள்ளே வந்து போயிருக்குன்னு அர்த்தம்.

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். கண்ணு மஞ்சளாச்சுன்னா வரப்புல கீழாநெல்லி தேடுறது நம்ம வழக்கம். 1988-ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், அதே ப்ளூம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லியைச் சோதித்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அவங்க பார்த்தது மஞ்சள் போச்சாங்கிறதை இல்லை, ரத்தத்தில் இந்தச் சட்டைப்புரதம் போச்சாங்கிறதை. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்குப் போயிருந்தது. வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும் போயிருந்தது. ஆனா பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அந்த ஆய்விலிருந்து நாம எடுத்துக்க வேண்டியது அவங்க அளந்த முறையை. மஞ்சள் தானாவே வடிஞ்சிடலாம். ஆனா ஹெபடைடிஸ் பி சத்தமில்லாம வருஷக்கணக்கா கல்லீரல்லயே தங்கிடும். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்று வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்ட நோயாகுது. பெரியவங்களுக்கு வந்தா நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு.

அதனால கர்ப்பிணிகள் இந்த ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துக்கோங்க. குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாச்சான்னு ஆஸ்பத்திரியிலேயே கேளுங்க. காமாலை வந்து தெளிஞ்சவங்களும் ஒருமுறை பரிசோதனை செய்து பார்த்துடுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.