புறப்படுவதும் திரும்பி வருவதும்

(பங்கின் பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற முதியோர் தினக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா நாட்களில் ஒரு மாலைப் பொழுதை முதியோருக்கென்றே ஒதுக்கிய விழாக் குழுவினருக்கு முதற்கண் என் பாராட்டு. இந்தக் கோவிலுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது மண் சுமந்த கைகள் சில இங்கே முன்வரிசையில் இருக்கின்றன. வீடு சந்திக்க வரும்போது உங்களில் பலர் என்னிடம் சொல்லும் சொல் ஒன்று உண்டு. "எல்லாம் முடிந்தது சாமி. பிள்ளைகளைக் கரையேற்றியாயிற்று. இனி ஆண்டவர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்." இந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன்.

ஆபிரகாம் தன் இனத்தாரை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. கூடவே நடந்த சாராவுக்கு அவரைவிடப் பத்து வயதுதான் குறைவு. ஆண்டவர் அந்த வீட்டுக்கு வந்தது முடித்து வைக்க அல்ல, தொடங்கி வைக்க. "அது பழைய ஏற்பாட்டுக் காலம் சாமி" என்பீர்கள். ஆகவே நம் காலத்துக் குடும்பம் ஒன்றைச் சொல்கிறேன். அவர்கள் நம் சபையினர் அல்லர். அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில், பிளெயின்ஸ் என்ற சின்னஞ்சிறு ஊரைச் சேர்ந்த பாப்டிஸ்ட் சபையினர். ஆனால் அவர்களுடைய கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தக் குடும்பத்துத் தாயார் லில்லியன் கார்ட்டர். நர்ஸ் வேலை கற்றவர். 1953-ல் கணவரை இழந்தவர். அமெரிக்க அரசு 1961-ல் பீஸ் கோர் என்ற அமைதிப்படையைத் தொடங்கி, ஏழை நாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பி வந்தது. அதில் சேருகிறவர்கள் சில மாதம் பயிற்சி பெற்று, இரண்டு ஆண்டு அந்நிய நாட்டில் அந்த மக்களைப் போலவே எளிமையாக வாழ்ந்து உழைக்க வேண்டும். வயதுக்கு மேல் வரம்பு கிடையாது. கணவனும் மனைவியும் சேர்ந்தே போகலாம். இந்த அறிவிப்பைத் தொலைக்காட்சியில் கண்டார் அந்த அம்மையார். 1966-ல், தம் 68-வது வயதில், அன்றைய பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்து சேர்ந்தார். தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவப் பணி. தொழுநோயாளிகளைத் தொட முதலில் அவருக்கும் அச்சமாகத்தான் இருந்தது. தொட்டுப் பழகினார், அச்சம் போய்விட்டது. அவர் பிறந்த நாள் ஆகஸ்டு 15. நமக்கு மாதாவின் விண்ணேற்பு விழா. நாட்டுக்குச் சுதந்திர தினம். 1968-ல் அதே நாளில், நம் மண்ணில் இருந்தபடியே அவருக்கு 70 வயது நிறைந்தது.

அன்பானவர்களே, இதைக் கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 1967 அக்டோபரில் அவருடைய மகன் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்று ஆண் பிள்ளைகளுக்குப் பின், பதினைந்து ஆண்டு கழித்துப் பிறந்த பெண். பெயர் ஏமி. பாட்டி அப்போது விக்ரோலியில் இருந்தார். மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்றால் எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடுகிற நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அமைதிப்படைத் தொண்டருக்கு மாதத்துக்கு 2 நாள் வீதம்தான் விடுமுறை. குழந்தை பிறந்தது, பெரியவர் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டவுடன் புறப்பட்டுவிட முடியாத தூரம். இடையில் இருந்தது கடிதம் ஒன்றுதான். அந்த அம்மையார் விடாமல் எழுதினார். குடும்பத்தார் அந்தக் கடிதங்களைப் போற்றி வைத்திருந்ததால் 1977-ல் அவை ஒரு நூலாகவே வெளிவந்தன.

அப்படியானால், ஊருக்குக் கொடுத்தது குடும்பத்திலிருந்து பறித்துக்கொண்டது ஆகாதா? நியாயமான கேள்விதான். அந்த அம்மையாரின் மகனும் மருமகளும் பின்னாளில் வாழ்ந்த வாழ்க்கையில் இதற்கு விடை இருக்கிறது. மகன் ஜிம்மி கார்ட்டர், மருமகள் ரோசலின். 1977 முதல் 1981 வரை அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்த அதே கார்ட்டர்தான்.

1980 தேர்தலில் தோற்று, 1981-ல் ஊர் திரும்பியபோது அவருக்கு வயது 56, மனைவிக்கு 53. வேர்க்கடலை வியாபாரம் பெருங்கடனில் மூழ்கிக் கிடந்தது. நாட்டையே ஆண்டவர்களுக்கு மறுநாள் காலையில் செய்ய வேலை இல்லை. "எல்லாம் முடிந்தது" என்ற சொல் அவர்கள் வீட்டுத் திண்ணைக்கும் வந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்கள் அதை உள்ளே விடவில்லை.

பக்கத்து ஊரான அமெரிக்கஸில் 1976-ல் தொடங்கப்பட்ட ஹாபிடாட் என்ற சங்கம் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து வந்தது. அதை இனாம் என்று எண்ண வேண்டாம். வீடு பெறும் குடும்பமும் தொண்டர்களோடு சேர்ந்து உழைக்க வேண்டும். விலையை லாபமில்லாத தவணைகளில் திருப்பிக் கட்ட வேண்டும். 1984-ல் இந்தத் தம்பதியர் மற்றத் தொண்டர்களோடு பஸ்ஸில் ஏறி நியூயார்க் நகருக்குப் போய், பாழடைந்து கிடந்த ஒரு கட்டிடத்தை 19 குடும்பங்கள் குடியிருக்கும்படி செப்பனிடும் வேலையில் இறங்கினார்கள். அதிலிருந்து ஆண்டுதோறும் ஒரு வாரம் இந்த வேலைக்கென்றே ஆயிற்று. மெக்சிகோ, ஹங்கேரி, பிலிப்பைன்ஸ், தென் கொரியா, தென்னாப்பிரிக்கா என்று 14 நாடுகள். 2010-ல் பூகம்பத்தால் தரைமட்டமான ஹெய்ட்டிக்கு 2011-லும் 2012-லும் போனார்கள். 35 ஆண்டுகளில் அவர்கள் பங்கெடுத்துக் கட்டிய, செப்பனிட்ட வீடுகள் 4,390. அவர்கள் வெறுமனே நாடா வெட்டிவிட்டுப் போகிறவர்கள் அல்ல. அவர் ரம்பம் பிடித்தார். அந்த அம்மையார் சுத்தியல் பிடித்தார்.

2006-ல் அவர்கள் வந்த இடம் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா. 100 வீடுகள் கட்டும் வேலை. அவருக்கு வயது 82, அம்மையாருக்கு 79. தாயார் விக்ரோலிக்கு வந்து சரியாக 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாய் வந்த நாட்டுக்கே, அதே மாநிலத்துக்கே, மகனும் மருமகளும் தொண்டர்களாக வந்தார்கள். பறித்துக்கொண்டது போலத் தோன்றியது விதைத்ததாகவே முடிந்தது.

இன்னொரு காரியம். நரம்புச் சிலந்தி நோயை இங்குள்ள மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இறங்கு கிணற்றிலும் குளத்திலும் எடுத்த நீரைக் குடிப்பதால், ஓராண்டு கழித்துக் கால் வழியாகப் புழுவாக வெளிவரும் கொடிய நோய் அது. மருந்தில்லை, தடுப்பூசியில்லை, குடிக்கும் நீரைத் துணியில் வடிகட்டுவதும், நோயுற்றவர் நீரில் கால் வைக்காதபடி தடுப்பதுமே வழி. நம் நாடு தன் முயற்சியால் அதை ஒழித்தது. 1996-க்குப் பின் இங்கே ஒருவருக்கும் வரவில்லை என்று 2000-ல் சான்றும் கிடைத்தது. உலக அளவில் 1986-ல் ஏறத்தாழ 35 லட்சம் பேருக்கு இருந்த இந்நோய், 2024-ல் 15 பேராகக் குறைந்தது. அந்த உலக முயற்சியை முன்னின்று நடத்தியது இத்தம்பதியர் 1982-ல் நிறுவிய கார்ட்டர் மையம். ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு இருவரும் நேரிலேயே போய் மக்களோடு பேசினார்கள்.

இவ்வளவு தூரம் சென்றவர்கள் எங்கே திரும்பி வந்தார்கள்? எப்போதும் பிளெயின்ஸுக்குத்தான். 1961-ல் கட்டிய, இரண்டே படுக்கையறை கொண்ட வீடு. மாளிகை தேடிப் போகவில்லை. ஊரில் இருக்கும் ஞாயிறுகளில் அவர் கோவிலில் வேதபாடம் நடத்தினார். காணிக்கைத் தட்டுகளைத் தம் கையாலேயே மரத்தில் செய்து கொடுத்தார். வெளிநாட்டில் பெற்ற பெயரை உள்ளூரில் பணிவாக மாற்றிக்கொண்டார்கள்.

இருவரும் எப்போதும் ஒத்துப்போனார்கள் என்று எண்ணி மனம் தளர வேண்டாம். ஓய்வுக்குப் பிந்திய வாழ்வைப் பற்றி இருவரும் சேர்ந்து 1987-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். ஒரே சம்பவத்தை அவர் ஒரு விதமாகச் சொல்ல, அம்மையார் வேறு விதமாகச் சொல்ல, பேச்சே நின்றுபோகும் அளவுக்குச் சண்டை முற்றியதாம். கடைசியில் ஒத்துவராத பகுதிகளை அவரவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுத் தனித்தனியே அச்சிட்டார்கள். நாற்பது ஆண்டு வாழ்ந்த தம்பதியருக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டுச் சமையலறைச் சண்டைகளுக்கு நாம் அதிகம் வருந்த வேண்டியதில்லை! ஒருவரையொருவர் எழுத விட்டார்கள். அதுதான் அவர்கள் கண்ட சமாதானம்.

ரோசலின் அம்மையார் வீட்டோடு இருப்பவர்களையும் மறக்கவில்லை. நோயாளியான கணவனை, பெற்றோரை, பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பவர்களுக்கென்று 1987-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார். கப்பலேறிப் போவது மட்டுமல்ல, படுக்கையருகே இருப்பதும் சேவையே என்று அறிந்தவர். 2023 நவம்பரில், 96 வயதில், அதே பிளெயின்ஸ் வீட்டில் அவர் இறந்தார். கணவர் சக்கர நாற்காலியில் அடக்கத்துக்கு வந்தார். 77 ஆண்டு மண வாழ்க்கை. அவரும் 2024 டிசம்பர் 29-ல், 100 வயதில், அதே வீட்டில் கண்மூடினார். பேரன் ஜேசன் இருபதைத் தாண்டிய வயதில் அதே அமைதிப்படையில் சேர்ந்து, தென்னாப்பிரிக்காவில் பணிசெய்து திரும்பியவர். கார்ட்டர் மையத்தின் குழுவுக்கு 2015-ல் தலைமை ஏற்றவரும் அவரே. கொள்ளுப்பாட்டி விக்ரோலியிலிருந்து எழுதிய கடிதங்கள் வீண்போகவில்லை.

அன்பார்ந்தவர்களே, இதிலிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்று.

முதலாவது, கேட்டுவிட்டுப் போங்கள். கணவன் முடிவெடுத்து மனைவி பெட்டி கட்டுவது சேவை ஆகாது. பிள்ளைகளிடமும் முன்கூட்டியே மனம்விட்டுப் பேச வேண்டும். போகிறவருக்கு விசேஷங்கள் தவறும். இருக்கிறவருக்குத் துணை குறையும். இரண்டையும் தெரிந்து சம்மதித்தால் மனக்கசப்பு வராது.

இரண்டாவது, வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். எழுதுங்கள், பேசுங்கள். திரும்பி வரும்போது, "அங்கே அப்படி, இங்கே இப்படி" என்று குறை சொல்லிக்கொண்டு விருந்தாளியாக வராதீர்கள். நீங்கள் இல்லாத நாட்களில் வீட்டில் என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். உங்கள் கதையைப் பிறகு சொல்லுங்கள். பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் பேரப்பிள்ளை பிறந்தவுடன் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் அனுப்புகிறீர்கள்; சந்தோஷம். குழந்தை வளர்ப்பதும் சேவைதான். ஆனால் அவர்களுக்கும் ஆண்டவர் தனியாக ஒரு அழைப்புத் தந்திருக்கலாம். அதையும் ஒருமுறை கேளுங்கள்.

மூன்றாவது, தூரம் முக்கியமல்ல. விக்ரோலிக்கும் ஹெய்ட்டிக்கும் போக எல்லோராலும் முடியாது. வின்சென்ட் தே பவுல் சபையினரோடு வாரம் ஒரு ஏழை வீட்டைச் சந்திக்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் மாலையில் நம் பங்குப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கொத்தனாராக இருந்தவர், ஒழுகும் ஒரு விதவையின் கூரையைப் பார்த்துக் கொடுக்கலாம். தெருக்கோடிதான் உங்கள் வெளிநாடு என்றால், அங்கேயே புறப்படுங்கள்.

எனவே அடுத்த முறை நான் வீடு சந்திக்க வரும்போது "எல்லாம் முடிந்தது சாமி" என்று சொல்லாதீர்கள். "கொஞ்சம் வேலை இருக்கிறது சாமி, வெளியே போய்விட்டு வந்துவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். நான் திண்ணையில் காத்திருக்கிறேன்.

பொன்விழாக் காணும் இப்பங்கையும், இதைக் கட்டி எழுப்பிய உங்கள் கைகளையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.