ஒட்டகத்தின் பிட்யூட்டரியும் நமது ஆன்டிபாடியும்



வளைகுடா நாடுகளில் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் அல் ஐனில் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமை ஏற்கச் சொன்னது எனக்குக் கிடைத்த பெரும் பேறு. எனக்குப் பாடம் சொல்லித் தந்த இருவர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, இங்கே நின்று பேசுவதில் ஒரு நடுக்கமும் இருக்கிறது.

திசு நோயறிதலின் எதிர்காலம் என்பது இந்த ஆண்டின் பொருள். டிஜிட்டல் ஸ்லைடு, தானாகச் சாயமேற்றும் கருவி, செயற்கை நுண்ணறிவு ஆகியவை பற்றி அடுத்த அமர்வுகளில் என்னைவிடத் தெளிவாகப் பேசுவீர்கள். பிட்யூட்டரிக் கட்டிகளைப் படியெடுப்புக் காரணிகளை வைத்துப் பிரித்த உலக சுகாதார நிறுவனத்தின் 2017, 2022 வகைப்பாடுகளை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் மனம் நிற்பது நம் ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கும் ஒரு சிறு குப்பியில். ஏசிடிஎச் ஹார்மோனைத் திசுவில் காட்டும் ஆன்டிபாடி அதில் இருக்கிறது.

டிபிட் என்ற படியெடுப்புக் காரணி வந்துவிட்டது, இனி ஏசிடிஎச் சாயம் எதற்கு என்று மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் முந்தைய கூட்டத்தில் கேட்டார். அவருடைய அனுபவத்தை வணங்குகிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. டிபிட் செல்லின் உட்கருவில் நின்று அதன் குலத்தைச் சொல்கிறது. அந்தச் செல் எந்த ஹார்மோனை வைத்திருக்கிறது என்று சொல்வதில்லை. நுரையீரலில் தோன்றி ஏசிடிஎச் சுரந்து குஷிங் நோய்க்குறியை உண்டாக்கும் கட்டியில் டிபிட் நமக்குத் துணை வரும் என்று நம்பவும் முடியாது. இன்னொன்றும் உண்டு. முன்மடலின் கார்டிகோட்ரோப், இடைமடலின் மெலனோட்ரோப் என்ற இரண்டு செல்களிலும் டிபிட் உண்டு. இரண்டையும் பிரிப்பது பாக்ஸ்7 என்ற இன்னொரு காரணி என்பதை ஜாக் துருவாங்கின் மான்ட்ரியால் குழு எலிகளில் காட்டியிருக்கிறது.

ஆனால் ஏசிடிஎச் ஆன்டிபாடியை ஆதரிப்பவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம். ஏசிடிஎச் 39 அமினோ அமிலங்கள் கொண்டது. முதல் 13 தனியே பிரிந்தால் ஆல்ஃபா எம்எஸ்எச். 18 முதல் 39 வரை பிரிந்தால் கிளிப். இவை எல்லாம் பிஓஎம்சி என்ற ஒரே நீண்ட புரதத்திலிருந்து வெட்டப்படுகின்றன. 1979-இல் நகனிஷியும் நூமாவும் கியோட்டோவில் மாட்டின் பிஓஎம்சி வரிசையைக் கண்டபோதே இந்தக் கதை தெளிவாகிவிட்டது. அப்படியென்றால் கடைசிப் பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி முழு ஏசிடிஎச்சையும் பிடிக்கும், கிளிப்பையும் பிடிக்கும். ஸ்லைடில் இரண்டும் ஒரே பழுப்பு நிறம்தான். நம் கட்டுரைகளோ ‘ஏசிடிஎச் நேர்மறை’ என்று எழுதி நகர்ந்துவிடுகின்றன. குளோன் எண்கூட இல்லாத கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். ஆன்டிபாடியின் பெயரை நம்பி ஏமாறாதீர்கள் என்று சேப்பரும் சாச்சென்கோவும் 2003-இலேயே எச்சரித்தார்கள்.

இதற்கு ஒரு மருந்து நம் வாசலிலேயே நிற்கிறது. நம் நாடுகளில் பிரேதப் பரிசோதனை அரிது. ஒப்பீட்டுக்கு இயல்பான மனிதப் பிட்யூட்டரி கிடைப்பது கடினம். கிடைத்தாலும் வளர்ந்த மனிதரில் இடைமடல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஒட்டகத்தின் பிட்யூட்டரியில் அது நன்றாகவே இருக்கிறது. ஒரே ஸ்லைடில் முன்மடல், இடைமடல், பின்மடல் மூன்றும் வரும்படி வெட்டிப் பாருங்கள். முழு ஏசிடிஎச்சை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி என்றால் முன்மடலில் சிதறிய செல்கள் சாயம் ஏற்கும், ஏசிடிஎச்சைத் துண்டுகளாக வெட்டிவிடும் இடைமடல் பெரும்பாலும் வெளிறியிருக்கும். இடைமடல் முழுவதும் பழுப்பானால் உங்கள் ஆன்டிபாடி துண்டுகளையும் பிடிக்கிறது என்று பொருள். பின்மடலின் நரம்பிழைகள் சாயம் ஏற்றால் அந்தக் குப்பியை நம்ப வேண்டாம். விற்பனையாளரின் கையேடு தராத விடையை அல் ஐன் சந்தையின் பிராணி தருகிறது.

ஒட்டகத் திசு கால்நடை மருத்துவர்களின் பாடம், நமக்கு எதற்கு என்று சொல்வோருக்கு ஒரு பழைய ஆய்வை நினைவூட்டுகிறேன். 1975-இல் சோ ஹாவ் லீ, தான்ஹோ, சங், ராவ் ஆகியோர் ஒட்டகப் பிட்யூட்டரியிலிருந்து மெலனோட்ரோபின்களை, அதாவது எம்எஸ்எச் வகைகளைப் பிரித்து, அவற்றின் அமினோ அமில வரிசையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே லீயும் சங்கும் அதே சுரப்பியில் ஓபியம் போல் வினைபுரியும் 31 அமினோ அமிலத் துண்டைக் கண்டார்கள். உலகம் இன்று பீட்டா எண்டார்ஃபின் என்று அறியும் பொருள் அது. ஓர் ஒட்டகச் சுரப்பி உலக நாளமில்லாச் சுரப்பியியலை உலுக்கியிருக்கிறது. நம் வளைகுடாக் கட்டுரைகளின் மேற்கோள்களில் அந்த ஆய்வை அரிதாகவே பார்க்கிறேன்; அது எனக்கு வருத்தம். 1993-இல் ஹாமர்ஸ் குழு பிரஸ்ஸல்ஸில் கண்ட, லேசான சங்கிலியே இல்லாத ஒட்டக ஆன்டிபாடிகளை மட்டும் எல்லா மேடையிலும் புகழ்கிறோம். ஒட்டகத்தின் ரத்தத்துக்குக் கொடுக்கும் மரியாதையை அதன் சுரப்பிக்கும் கொடுக்கலாமே.

இதே ஏசிடிஎச் சாயத்தைக் கொண்டு, வெயிலிலும் நீரின்றியும் ஒட்டகம் படும் நெருக்கடியை அளக்க முனையும் இளையோருக்கு ஒன்று. அடர்ந்த பழுப்பைப் பார்த்து, ஹார்மோன் அதிகம் சுரந்தது என்று எழுதிவிடாதீர்கள். சாயம் காட்டுவது செல்லில் தங்கியிருக்கும் இருப்பு. கொட்டித் தீர்த்த செல் வெளிறியும், அடக்கி வைத்திருக்கும் செல் அடர்ந்தும் தெரியலாம். ரத்த அளவு இல்லாமல் இந்த வழக்கு தீராது. அறுத்த எத்தனை நிமிடத்தில் சுரப்பி ஃபார்மலினில் விழுந்தது என்பதையும் எழுதுங்கள். கோடையில் அந்த நிமிடங்களே முடிவை மாற்றிவிடும்.

ஆகவே முதல் அமர்வில் கட்டுரை வாசிக்கப் போகும் நண்பர்களிடம் தலைவர் என்ற உரிமையில் கேட்கிறேன்: உங்கள் ஏசிடிஎச் ஆன்டிபாடி அந்த 39-இல் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பிடிக்கிறது? முடிவுப் படங்களைக் காட்டும் முன் அதைச் சொல்லுங்கள். சொல்லாதவரிடம் கேள்வி நேரத்தில் முதலில் எழுந்து கேட்பவன் நானாகத்தான் இருப்பேன்.