சுவரும் மனிதரும்: ஒரு திரைப்படத்தின் பின்னணி

திரையிலே ஒரு படம் ஓடி முடிவதற்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால், அதன் பின்னே நின்ற உழைப்பையும் துணிவையும் அறிய வேண்டுமாயின், திரைக்குப் பின்புறம் சற்றே செல்லுதல் வேண்டும். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த 'கேகன் டி வான்ட்' என்னும் ஜேர்மன்-துருக்கியப் படம் இதற்குத் தக்க சான்றாகும். 'சுவருக்கு எதிராக' என்பது அப்பெயரின் பொருள்.

1961இல் மேற்கு ஜேர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகத் துருக்கியர் பலர் தொழில் நாடி ஜேர்மனிக்குச் சென்றனர். 'விருந்தினர் தொழிலாளர்' என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். வந்தவர் விருந்தினரேயாயினும், அவர்தம் பிள்ளைகளுக்கு அதுவே பிறந்த நாடாயிற்று. அத்தகையதொரு குடும்பத்திலே 1973இல் ஹம்பேர்க் நகரிற் பிறந்தவரே இப்படத்தின் நெறியாளர் பாத்திஹ் அக்கின்.

வாழ்வை வெறுத்துத் தன் மோட்டார் வண்டியைச் சுவரில் மோதுகிறான் ஒருவன். வீட்டாரின் கட்டுப்பாட்டினின்றும் விடுபட விழைகிறாள் ஒருத்தி. மருத்துவமனையிலே சந்திக்கும் இருவரும் பெயரளவில் மணம் புரிகின்றனர். கதை ஹம்பேர்க்கிலே தொடங்கி இஸ்தான்புல்லிலே முடிகிறது. பாத்திரங்கள் ஜேர்மன், துருக்கி ஆகிய இரு மொழிகளையும் கலந்தே பேசுகின்றனர்.

ஆண் பாத்திரத்தை ஏற்றவர் பிரோல் யூனல். பெண் பாத்திரத்துக்கு உரியவரோ எதிர்பாராத வகையிற் கிடைத்தார். கோல்ன் நகரக் கடைத் தொகுதியொன்றிலே, நடிகர்களைத் தேடிச் சென்றோரின் கண்ணிற் பட்டார் சிபெல் கெக்கில்லி என்னும் இளம் பெண். முன்பின் பெயர் அறியப்படாத அவரையே பல தேர்வுகளின் பின்னர் நெறியாளர் தெரிந்தெடுத்தார்.

கதையின் இடையிடையே, பொற்கொம்புக் கழிமுகத்தின் கரையிலே கம்பளம் விரித்து, செலிம் செஸ்லரின் கிளாரினெட் குழுவினர் இசைக்கின்றனர். இடில் யூனர் பாடுகின்றார். அவர்களின் பின்னே சுலைமானியப் பள்ளிவாசல் தெரிகின்றது. துயரக் கதையை அங்கங்களாகப் பிரிப்பது இவ்விசையே.

2004 பெப்ரவரியில் பேர்லின் திரைப்பட விழாவிலே இப்படம் தங்கக் கரடி விருதைப் பெற்றது. ஜேர்மன் படமொன்று அவ்விருதைப் பெறுவது பதினெட்டு ஆண்டுகளின் பின் அதுவே முதன்முறை. ஆயின், மகிழ்ச்சி ஆறுமுன்னரே, பரபரப்புச் செய்தித்தாளொன்று நடிகையின் பழைய வாழ்வைத் துருவி ஊரறியச் செய்தது. படத்திலே அப்பெண் எதிர்த்து நின்ற பழிச்சொல், வெளியுலகில் நடிகையையே சூழ்ந்தது. அவர் ஒதுங்கிவிடவில்லை. அதே ஆண்டிலும், பின்னர் 2010இலும், சிறந்த நடிகைக்கான ஜேர்மன் திரைப்பட விருது அவரையே சேர்ந்தது. பழித்தோரின் சொல் மறைந்தது. அவருடைய நடிப்பே நிலைத்தது.