முகம் இல்லாத அன்னை



எம்.எஃப். உசேன் வரைந்த அன்னை தெரசா ஓவியங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் புடவை, நீலக் கரை, பல படங்களில் மடியில் ஒரு குழந்தை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு. முகமே இல்லாதது எப்படி உருவப்படம் ஆகும் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

உசேன் இளமையில் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். நட்சத்திரங்களின் முகங்களைப் பெரிது பெரிதாகத் தீட்டிப் பழகிய கை அது. அந்தக் கை ஒரு முகத்தை விட்டுவிட்டால், வேண்டுமென்றேதான் விட்டிருக்கும். ஆகவே ஓவியர் எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

வைத்துக்கொண்டது புடவையை. கொல்கத்தா அருகே டிட்டாகரில், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் தறியில் நெய்யும் பருத்திப் புடவை அது. உசேன் அதன் மடிப்புகளை அகலமான வீச்சுகளாக இழுக்கிறார். தலையிலிருந்து இறங்கும் நீலக் கரை நம் கண்ணை நேரே மடிக்குக் கூட்டிப் போகிறது. முகம் இருந்திருந்தால் பார்வை அங்கேயே நின்றிருக்கும். இப்போதோ குழந்தையிடம் போய்ச் சேருகிறது.

முகத்தைப் பார்க்காமல் அடையாளங்களை வைத்தே ஒருவரை அறிவது நமக்குப் புதிதல்ல. சாய்ந்த கொண்டையையும் இடக்கைக் கிளியையும் கண்டதுமே ஆண்டாள் என்று சொல்லிவிடுகிறோமே!

முகத்தை விட்டதற்கும் காரணம் உண்டு. 1915இல் பந்தர்பூரில் பிறந்த உசேன், கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். தாயின் முகம் அவர் நினைவில் இல்லை. அன்னை தெரசா 1979இல் நோபல் பரிசு பெற்றதை அடுத்து வந்த ஆண்டுகளில் இந்த ஓவிய வரிசை வளர்ந்தது. அந்த இருட்டில் ஒரு மகனின் இழப்பு இருக்கிறது. எந்தத் தாயும் வந்து அமர இடமும் இருக்கிறது.

ஆனால் முகத்தை நீக்கிவிட்டாலே நல்ல ஓவியம் ஆகிவிடாது. துணியின் கனமும் கையின் பரிவும் இல்லாமல் நீலக் கரை வெறும் அடையாளமாக நின்றால் படம் சோர்ந்துவிடும். உசேனின் சிறந்த படங்களில் அந்தக் கனம் இருக்கிறது. அதனால்தான் அவற்றைப் பெரிதாக மதிக்கிறேன்.

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர் ஒருவர், இந்த வெள்ளையில் காயத்துக்குக் கட்டும் துணியைப் பார்க்கலாம். அதற்கு மடியும் குழந்தையும் படத்திலேயே ஆதாரம். உங்கள் வாழ்க்கையைக் கொண்டு ஓவியத்துக்குப் பொருள் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொல்லும் பொருளுக்குப் படத்தில் ஒரு கோடோ ஒரு நிறமோ சாட்சியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.